ஆங்கிலம் அறிவோம்: ஸ்டிரைக்

இம்மாதம் 'ஸ்டிரைக்' என்னும் சொல்லைக் காண்போம். இதன் முதற்பொருள் அடித்தல். கடிகாரம் மணி அடிப்பதும், தீக்குச்சியை உரசுவதும், மின்னல் தாக்குவதும், ஓர் எண்ணம் சட்டெனத் தோன்றுவதும் இச்சொல்லாலேயே குறிக்கப்படும். இறந்தகாலம் 'ஸ்டிரக்', 'ஸ்டிரைக்ட்' என்பது பிழை.

வேலைநிறுத்தம் என்னும் பொருளோ அடிப்பதிலிருந்து வரவில்லை. கப்பற்பாயை இறக்குதற்கும் இச்சொல்லே வழங்கிற்று. 1768இல் இலண்டன் மாலுமிகள் கூலி உயர்வு வேண்டிப் பாய்களை இறக்கிக் கப்பல்களை நிறுத்தினர். அதிலிருந்தே இப்பொருள் பிறந்தது என்பர்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த சுங்குவார்சத்திரத்தில், சாம்சங் ஆலைத் தொழிலாளர் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வோடு, தம் சங்கத்துக்கு அங்கீகாரமும் கோரினர். இத்தகைய நாள்களில் சம்பளமின்றித் தவிக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். அவர்களைக் கலகக்காரர் என்று எளிதில் இகழலாகாது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், வேலைநிறுத்தம் உரிய வரம்புக்குள் நியாயமானதே என்றும், எனினும் அது இறுதி வழியே என்றும் போதித்தார்.

'ஸ்டிரைக் எ பார்கெய்ன்' என்றால் பேசி உடன்பாடு காணுதல். பிணக்குக்கும் இணக்கத்துக்கும் சொல் ஒன்றே! முன்னதிலிருந்து பின்னதற்கு விரைந்து வர இருதரப்பாருக்கும் இறைவன் அருள்வாராக.