வழக்கை விட்டால் செலவு யார் தலையில்?

வேலைநீக்கத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்த ஆலைத் தொழிலாளி, ஆண்டுகள் சில அலைந்த பின்னர், முதலாளி தரும் ஒரு தொகைக்கு இசைந்து அவ்வழக்கைத் திரும்பப் பெறுகிறான். அதற்கென எழுதப்படும் தாளின் கடைசியில் ஆங்கில வரி ஒன்று நிற்கும். அவரவர் செலவு அவரவரைச் சாரும் என்பது அதன் பொருள். அதனைப் படித்தறிந்து கையொப்பமிட்ட கோவைத் தொழிலாளர் எத்தனை பேர்? தமிழ் மண்ணில், தமிழ்த் தொழிலாளிக்கும் தமிழ் முதலாளிக்கும் எழுந்த பூசலை முடிக்கும் தாளுக்குத் தமிழ் போதாதாம்!

இருவர்க்கும் ஒரே அளவுகோல் என்பதுபோல் அவ்வரி தோன்றும். ஆயின் இருவர் செலவும் ஒன்றன்று. ‘வாய்தா’ என்று மக்கள் வாயில் வழங்கும் தவணைநாள்தோறும் சூலூரிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ வருபவனுக்குப் பேருந்துக் கட்டணம் மட்டுமா செலவு? வேலை இழந்தபின் விசைத்தறியிலோ கட்டட வேலையிலோ கிடைக்கும் அன்றைக் கூலியும் போகும். தவணை தள்ளிப்போனால் இரண்டும் வீண். வழக்கறிஞர்க்குக் கொடுக்க ஆட்டை விற்றிருப்பான். மனைவியின் தோட்டை அடகு வைத்திருப்பான். முதலாளிக்கோ வழக்குச் செலவு என்பது தொழிற்செலவு; வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளத் தக்கது.

செலவைக் காட்டித் தொழிலாளரை மடக்குதல் புதிதன்று. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27இல் தோன்றியது. வாடியா அதன் தலைவர், திரு.வி.க. உடன் நின்றவர். 1920இல் பின்னியாரின் பக்கிங்காம் ஆலையில் கதவடைப்பு மூண்டபோது, தொழிலாளரை வேலை உடன்படிக்கையை முறிக்கத் தூண்டினர் எனக் கூறி, ஆலையார் வாடியா முதலியோர்மேல் உயர்வழக்குமன்றத்தில் வழக்கிட்டுத் தடையாணையும் பெற்றனர். இழப்பீடும் வழக்குச் செலவும் தலைக்குமேல் கத்தியாய்த் தொங்கின. 1921இல் ஏற்பட்ட இணக்கம் யாது? வாடியா சங்கத் தொடர்பை விட்டு விலக வேண்டும். ஆலையார் வழக்கை விட்டுவிடுவர். வழக்கை விட்டவர் முதலாளி. விலை கொடுத்தவரோ தலைவரை இழந்த தொழிலாளர்! அத்தகைய வழக்குகளினின்றும் பதிவுபெற்ற சங்கங்களைக் காக்கும் 18ஆம் பிரிவு, 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தில்தான் வந்தது.

உரிமை வழக்குகளுக்குரிய 1908ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டம், மன்றத்தின் இசைவின்றி வழக்கை விடுபவனே, மன்றம் விதிக்கும் செலவுக்குக் கடப்பாடுடையவன் என்கிறது. வரப்புச் சண்டைக்கு அது பொருந்தலாம். தொழிலாளி வழக்கை விடுவது பெரும்பாலும் தன் பக்கம் வலுவற்றதால் அன்று, வயிறு ஒட்டியதால். இதனை உணர்ந்தோ என்னவோ, 1947ஆம் ஆண்டின் தொழிற்பூசல் சட்டம், யார், யார்க்கு, எவ்வளவு செலவு தரவேண்டும் என வரையறுக்கும் உரிமையைத் தன் 11ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவில் மன்றத்திடமே விட்டது. அதனை நிலவரி நிலுவைபோல் அரசே தண்டித் தரவும் வழி வைத்தது. 2025 நவம்பர் 21இல் அச்சட்டம் நீங்கி, 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதும், செலவை வரையறுக்கும் உரிமை மன்றத்திடமே நிற்கிறது. கேட்போர்தாம் அரியர்.

செலவும் கிடைக்குமெனில் பொய்வழக்குகள் பெருகும் என்பர் ஆலையார். பொய்வழக்கெனில் அவர்கள் தொகை கொடுத்து இணங்குவானேன்? கொடுக்க இசைந்த அன்றே தொழிலாளியின் கோரிக்கையில் உண்மை உண்டென ஒப்பியவராகின்றனர். ஆகலின் அதுகாறும் அவனுக்கு நேர்ந்த செலவையும் அவர்களே ஏற்றல் முறை. வழக்கை முற்றிலும் கைவிட்டு வெறுங்கையுடன் திரும்புபவன்மேல் ஆலையின் செலவைச் சுமத்துதலோ எவ்வாற்றானும் தகாது.

கோவைத் தொழிற்சங்கங்கள் இனி எழுதும் உடன்படிக்கையில் இணக்கத் தொகை வேறு, வழக்குச் செலவு வேறு எனத் தனித்தனியே குறிக்கப்படல் வேண்டும், அதுவும் தமிழில். ஆங்கிலத் தாள் நீட்டப்பட்டால் கையொப்பமிடாமல் திருப்பிக் கொடுக்கட்டும். முதலாளியின் வழக்கறிஞர் தமிழில் எழுதிக்கொண்டு அடுத்த தவணைக்கு வரட்டும். அந்த ஒருநாட் செலவும் முதலாளி கணக்கிலேயே ஏறட்டும்.