மெல்லும் புகையிலையும் நஞ்சே

கர்ப்பப் பரிசோதனைக்குச் செல்லும் நமது தோட்டத்துச் சகோதரியிடம், "புகை பிடிப்பதுண்டா?" என்று தாதி கேட்டால், "இல்லை" என்பாள். அது உண்மையே. பீடியையோ சிகரெட்டையோ அவள் தொட்டதில்லை. ஆனால் மடியிலுள்ள வெற்றிலைப் பையில் ஒரு துண்டுப் புகையிலை இருக்கிறது. அதைப் பற்றிக் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை.

புகையிலையிலுள்ள நிக்கோட்டின் என்னும் நஞ்சு புகையாக நெஞ்சுக்குள் போனாலும், சாறாகக் கன்னத்தில் ஊறினாலும் இரத்தத்தில்தான் கலக்கிறது. நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவையும் அடைகிறது. இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் குழந்தைக்குச் சேர வேண்டியதைக் குறைக்கிறது. எடை குறைந்து பிறப்பதும், மாதம் நிறையுமுன் பிறப்பதும், வயிற்றிலேயே இறப்பதும் புகைக்கும் தாய்மாரிடம் மட்டுமல்ல, மெல்லும் தாய்மாரிடமும் அதிகம் என ஆய்வுகள் காட்டியுள்ளன. பாக்கும் குற்றமற்றதன்று. வேப்பில் புகையில்லை, ஆகவே தீங்கில்லை என்போரும் இதே தவறைத்தான் செய்கின்றனர். அதன் திரவத்திலும் பெரும்பாலும் நிக்கோட்டினே இருக்கிறது.

இதைச் சொல்லித் தாய்மாரைக் கடிந்துகொள்ள நாம் வரவில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். மசக்கையில் ஒரு வாய்க் கஞ்சியும் தங்காது. வெற்றிலையைப் புகையிலையோடு போட்டால் குமட்டல் அடங்குகிறது, பசி மங்குகிறது, பால் வாளியைத் தூக்கும் தெம்பு வந்ததுபோல் இருக்கிறது. பசியோடு வேலை செய்பவளிடம் புகையிலையை மட்டும் பறித்துவிட்டுப் போவது எந்த ஊர் நியாயம்?

பிரசவ விடுப்பு 2023 ஜனவரி 1 முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. மகிழ்ச்சியே. ஆனால் விடுப்புக்கு முந்தைய மாதங்களில்தானே சிசு வளர்கிறது? கர்ப்பிணிகளுக்கு இலகுவான வேலையும், காலையில் உட்கார்ந்து சாப்பிட நேரமும் வேண்டுமெனத் தோட்டக் கமிட்டிகள் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்.

ஆண் தோழர்களுக்கும் ஒரு சொல். நீங்கள் வீட்டுக்குள் ஊதும் புகையையும் அவள்தான் சுவாசிக்கிறாள். மனைவிக்குப் புத்தி சொல்லுமுன் வாசலுக்கு வெளியே போய் நில்லுங்கள். வெற்றிலைப் பெட்டியை அன்போடு நீட்டும் மாமியார்மாரும் மருமகள் முழுகாமல் இருக்கும் காலத்திலாவது அதை மூடி வைக்கலாம்.

அரசாங்கச் சுகாதார நிலையங்களில் புகையிலையை விட உதவி கிடைக்கிறது. அடுத்த பரிசோதனையில் தாதி கேட்காவிட்டாலும், "நான் புகையிலை மெல்லுகிறேன்" என்று நீங்களே சொல்லுங்கள், சகோதரிகளே.