ஆலையின் கணக்கு யாருக்குத் தெரிய வேண்டும்?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் மணிக்கூண்டுக்கு அருகே ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதும் முதியவரை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். அதற்கு முன்பு, இப்போது மூடிக்கிடக்கும் ஒரு பஞ்சாலையின் நூற்புப் பிரிவில் வேலை பார்த்தவர். அண்மையில் பேச்சுவாக்கில் அவர் சொன்னார்: “இங்கே என்ன சரக்கு இறக்கலாம் என்று முதலாளி என்னைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார் சார். ஆலையில் மட்டமான பஞ்சு வந்தால் முதல் நாளே எங்கள் கைக்குத் தெரிந்துவிடும். ஆனால், எங்களை யாரும் கேட்டதே இல்லை.”

ஒரு தனிமனிதரின் மனக்குறை என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆலை அரசுடைமை ஆகிவிட்டால் அது தொழிலாளியின் ஆலை ஆகிவிடுமா என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்கப் புதுச்சேரியைவிடப் பொருத்தமான ஊர் தென்னிந்தியாவில் குறைவு.

1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர்கள்மீது பிரெஞ்சுக் காலனி அரசின் படை சுட்டதில் 12 பேர் உயிரிழந்தனர். வ.சுப்பையா போன்றோர் வழிநடத்திய அந்த இயக்கத்தின் விளைவாக, அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலைக்கும் தொழிற்சங்க உரிமைக்கும் அரசாணை பிறந்தது. அதே 1936 ஜூனில் பாரீஸில் லியோன் புளூம் அரசின் முன்னிலையில் கையெழுத்தான மத்தினியோன் உடன்பாடு, பத்துப் பேருக்கு மேல் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் தொழிலாளர்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது. பிரான்ஸில் தொழிலாளிக்கு வாக்குச்சீட்டு கிடைத்த கோடையில் புதுவையில் குண்டு கிடைத்தது. ஜூலை 30 தியாகிகள் நினைவு நாளில் மாலைகள் இன்றும் தவறாமல் விழுகின்றன.

சுதந்திரத்துக்குப் பிறகு கதை வேறு பாதையில் போனது. 1898இல் தொடங்கப்பட்ட ரோடியர் மில், அதாவது நாம் ஏ.எஃப்.டி. என்று அறிந்த ஆங்கிலோ-பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ், எண்பதுகளின் முற்பகுதியில் மூடப்பட்டது. தொழிலாளர்கள் போராடினார்கள்; புதுவை அரசு ஆலையை ஏற்று நடத்தியது. சுதேசி, பாரதி ஆலைகள் தேசிய ஜவுளிக் கழகத்திடம் போய்ப் பின்னர் அவையும் மாநில அரசிடம் வந்தன. நவீனமயமாக்கல் தள்ளிப்போனது, நட்டம் ஏறியது. 2011 டிசம்பரில் தானே புயல் ஏ.எஃப்.டி.யின் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. ஆலை ஓடாமலேயே பாதிச் சம்பளம் பெற்று ஆண்டுகள் கழிந்தன. 2020 ஏப்ரலில், ஊரே ஊரடங்கில் முடங்கியிருந்தபோது, ஏ.எஃப்.டி. நிரந்தரமாக மூடப்பட்டது.

இந்த நீண்ட வீழ்ச்சியில் எத்தனையோ காரணங்கள் உண்டு; விசைத்தறியும் பருத்தி விலையும் அவற்றில் அடக்கம். ஆனால், நிர்வாகத்தின் முதலாளி நாற்காலியில் அரசு உட்கார்ந்தது என்பதைத் தாண்டி அதன் தன்மை மாறியதா? புதுவையில் வாரியத் தலைவர் பதவிகள் சட்டமன்ற உறுப்பினர்களைத் திருப்திப்படுத்தும் வழியாக இருப்பது ஊரறிந்த வழக்கம். அதிகாரிகள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். ஆலையிலேயே வாழ்நாளைக் கழித்தவர்கள் தொழிலாளர்கள் மட்டுமே.

இதைச் சட்டம் அறியாமல் இல்லை. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டமே நூறு பேருக்கு மேல் உள்ள ஆலைகளில் இருதரப்புக் குழுவுக்கு வழிசெய்தது. அந்தக் குழு பெரும்பாலும் குடிநீர், கேன்டீன் போன்றவற்றைப் பேசியதோடு சரி. 1975 அக்டோபரில், நெருக்கடிநிலையின்போது, ஐந்நூறு பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் தொழிலாளர் பங்கேற்பு மன்றங்கள் அமைக்கும் திட்டம் வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் குறைந்தபட்ச போனஸை 8.33 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாகக் குறைத்து அவசரச் சட்டம் வந்திருந்தது. மறு ஆண்டு 42ஆவது திருத்தம், அரசமைப்பின் முகப்புரையில் ‘சமதர்ம’ என்ற சொல்லைச் சேர்த்தது. தொழிலாளர் பங்கேற்பை அரசின் கடமையாக்கும் 43அ கூறையும் அதே திருத்தம் கொண்டுவந்தது. முகப்புரைச் சொல்லுக்காக நீதிமன்றம்வரை போய்ச் சண்டையிட்டிருக்கிறோம். 43அ என்ற ஒன்று இருப்பதைப் பலர் அறியவும் மாட்டார்கள். 1990இல் மாநிலங்களவையில் அறிமுகமான பங்கேற்பு மசோதா சட்டமாகவே இல்லை. தேசியமயமான வங்கிகளின் இயக்குநர் குழுவில் ஊழியர் ஒருவர் அமர வேண்டும் என்பது சட்டம். அந்த இருக்கைகள் பல ஆண்டுகளாகப் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன.

பங்கேற்பு என்றால் நிர்வாகம் குலைந்துவிடும் என்பார்கள். அந்த அச்சத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 1950இல் யூகோஸ்லாவியா தன் ஆலைகளைத் தொழிலாளர் மன்றங்களிடம் ஒப்படைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் வருமானத்தைப் பங்கிட்டன. பல இடங்களில் புதிய இயந்திரத்தைவிடக் கூலி உயர்வே முந்தியது; முதலீட்டுக்கு வங்கிக் கடனை நாடினார்கள்; நுட்பமான முடிவுகள் மேலாளர் கையிலேயே தங்கின. நம் மும்பையில், மூடப்பட்ட கமானி ட்யூப்ஸை 1988இல் உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதலோடு தொழிலாளர் கூட்டுறவு ஏற்றது. தொடக்கத்தில் நிமிர்ந்த ஆலை, சில ஆண்டுகளில் சரிந்தது. மறுபக்கம், மேற்கு ஜெர்மனி 1951இல் நிலக்கரி, எஃகுத் தொழிலிலும், 1976இல் இரண்டாயிரம் பேருக்கு மேற்பட்ட நிறுவனங்களிலும் மேற்பார்வைக் குழுவில் பாதி இருக்கைகளைத் தொழிலாளர் தரப்புக்குத் தந்தது. அதனால் அந்நாட்டின் தொழில்துறை அழிந்துபோகவில்லை. அவ்வளவு தொலைவு போவானேன்? பெரிய மார்க்கெட்டை ஒட்டிச் செல்லும் நேரு வீதியில் இந்தியன் காபி ஹவுஸில் காபி குடித்தவர்கள் நம்மில் ஏராளம். காபி வாரியம் கடைகளை மூடியபோது, ஏ.கே.கோபாலனின் தூண்டுதலில் 1957 தொடங்கி ஊழியர்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து நடத்திய கடைகள் அவை. தலைப்பாகை அணிந்து தட்டு ஏந்தி வருபவர் அங்கே உறுப்பினரும்கூட.

இந்த அனுபவங்களிலிருந்து எனக்குப் புரிவது, மன்றத்தில் இடம் கொடுத்துவிட்டுக் கணக்கை மறைப்பதால் பயனில்லை என்பதே. பஞ்சு எந்த விலைக்கு வாங்கப்பட்டது, நூல் எந்த விலைக்குப் போனது, கடன் எவ்வளவு என்பது தெரியாத பிரதிநிதி, கூட்டத்தில் கூலியைத் தவிர வேறு எதைப் பேசுவார்? கூலியை மட்டுமே பேசுகிறார் என்று பிறகு அவரையே குறை சொல்கிறோம். தொழிற்சங்கங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கட்சிக்கு ஒரு சங்கம் என்று பிரிந்து நின்று, நிர்வாகத்தில் பங்கு கேட்பதைவிட ஆட்களை வேலைக்குச் சேர்ப்பதில் செல்வாக்கைத் தேடிய காலங்களும் இருந்தன.

பாப்ஸ்கோ, பாசிக் ஊழியர்கள் நிலுவைச் சம்பளத்துக்காக வீதியில் நின்ற காட்சி புதுவைக்குப் பழகிப்போனது. எஞ்சியுள்ள அரசு நிறுவனங்கள் ஒவ்வொன்றின் இயக்குநர் குழுவிலும், ஊழியர்கள் ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுத்த இருவரை அமர்த்தப் புதுவை அரசு முன்வர வேண்டும். மாத வரவு செலவைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பணியிடத்தின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டலாம். அதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. ஆலைகள் நின்ற நிலங்களை என்ன செய்வது என்று ஆட்சிக்கு ஆட்சி திட்டங்கள் பேசப்படுகின்றன. அடுத்த முறை அந்தப் பேச்சு எழும்போது, அங்கே வேலை செய்தவர்களுக்கும் மேசையில் ஓர் இருக்கை போட வேண்டும். மார்க்கெட் முதியவரிடம் இதைச் சொன்னேன். “கணக்கை எங்கே ஒட்டுவார்கள் என்று மட்டும் சொல்லுங்கள் சார், நான் படித்துக்கொள்கிறேன்” என்றார்.