வாடகைக் கெடுவும் சொந்த வீடும்

"ஆனியோடு பதினோரு மாத அக்ரிமென்ட் முடிகிறது; அதற்குள் சொந்த வீட்டுக்குப் போய்விடலாமில்லையா?" என்று கேட்கும் சகோதரிகளே, கொஞ்சம் பொறுங்கள்! பத்திரம் பதிவாகி, கரண்டும் தண்ணீரும் வந்த பிறகுதான் காலி செய்வதாகச் சொல்லலாம். வீட்டுக்காரம்மாவிடம் இரண்டு மூன்று மாதம் நீட்டித்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனி தப்பினால் ஆடி வந்துவிடும். பால் காய்ச்ச ஆவணிதான். அதுவரை வாடகையும் தவணையும் சேர்ந்து கையைக் கடிக்கத்தான் செய்யும். என்றாலும், நடுவில் வேறொரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்து, சாமான்களை இரண்டு தடவை ஏற்றி இறக்குவதற்கு இது தேவலை.

இன்னொன்று. பழைய வீட்டு அட்வான்ஸை நம்பிப் பத்திரச் செலவுக்குக் கணக்குப் போடாதீர்கள். சாவியைக் கொடுத்த பிறகுதான் அது கைக்கு வரும், அதுவும் வெள்ளையடித்த கூலி போக! தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலிலிருந்து முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக நூற்றுக்கு 9 ரூபாய். 30 லட்ச ரூபாய்க் கிரயத்துக்கு 2,70,000. வங்கிக் கடனில் இது பெரும்பாலும் சேராது.