அருகில் அமர்ந்தவர்



சென்ற வாரம் எங்கள் ராசிங்காபுரம் மதரஸாவில் ஒரு சிறுவன் பெருமிதத்துடன் கூறினான்: "ஹஜ்ரத், எங்கள் அண்ணன் போடிமெட்டு மலைப்பாதையில் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு மோட்டார் சைக்கிள் ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன்."

"உனக்கு அச்சமாக இல்லையா?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். "கண்ணை மூடிக்கொண்டேன்" என்றான்.

அவ்விடை, முன்பு படித்த ஒரு விபத்தை எனக்கு நினைவூட்டிற்று. 1980 ஜூன் 23 அன்று காலை, அப்போதைய பிரதமர் இந்திரா காந்தியின் இளைய மகன் சஞ்சய் காந்தி, டெல்லி சப்தர்ஜங் விமான நிலையத்திலிருந்து பிட்ஸ் எஸ்-2ஏ என்னும் சிறு விமானத்தில் பறந்தார். வான வித்தைகளுக்கென்றே செய்யப்பட்ட, இருவர் மட்டும் அமரும் விமானம் அது. நகரின்மேல் தாழப் பறந்து வித்தை செய்கையில் கட்டுப்பாடிழந்து தரையில் மோதிற்று. அவருக்கு வயது 33. வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை.

இதனை நாடே அறியும். ஆனால் உடன் அமர்ந்திருந்த டெல்லி பறக்கும் கழகப் பயிற்சியாளர் கேப்டன் சுபாஷ் சக்சேனாவும் அன்றே மாண்டார் என்பதை நம்மில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்?

வட்டமடித்துக் கீழ்நோக்கிப் பாயும் விமானத்தை மீண்டும் நிமிர்த்துவதற்கு உயரம் வேண்டும். உயரே செய்த பிழையைத் திருத்த அவகாசம் உண்டு. தாழ்வில் அது இல்லை. கைத்திறன் எத்துணை இருப்பினும் தரை விலகி வழிவிடாது.

வித்தை காட்டினால்தான் ஆபத்து என்பதுமில்லை. 1999 ஜூலை 16 இரவு, முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான், கருவிகளை மட்டுமே கொண்டு பறப்பதற்கான தகுதிச் சான்று பெறாமலேயே, பனிமூட்டம் படர்ந்த இருளில் கடல்மேல் சிறு விமானம் ஓட்டினார். திசையுணர்வு தடுமாறிற்று, விமானம் கடலில் வீழ்ந்தது. அவரை நம்பி ஏறிய மனைவியும் மனைவியின் சகோதரியும் உடன் மாண்டனர்.

பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் விமானி மது அருந்தலாகாது என்பது நம் நாட்டு விதி. மதுவை அறவே விலக்கிய நமக்கு இது பொருந்தாது என எண்ணிவிடுகிறோம். வேகம் தரும் மயக்கமும், நண்பர் கைதட்டலும், உறக்கமற்ற கண்களும் நம் வீட்டு வாசலிலும் இருக்கின்றனவே!

போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப் ஓட்டுநரும் விமானிக்கு ஒப்பானவரே.

அந்த அண்ணனை அழைத்தேன். சினந்து பேசவில்லை. "உன் தம்பி கண்ணை மூடிக்கொண்டிருந்தானாம்" என்று மட்டும் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் நின்றான்.

பெற்றோர்களே! வண்டிச் சாவியைக் கொடுக்கும்போது, பின்னால் அமர்பவரின் உயிர் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று மகனுக்குச் சொல்லுங்கள். "பயமாயிருக்கிறது, இறக்கிவிடு" என்று வாய்விட்டுச் சொல்ல இளையவர்களுக்கும் கற்றுக்கொடுங்கள்.