வெட்டுக்கு முன் வடிகட்டல்

எலெக்ட்ரிக் கிதாருக்கு டிஸ்டார்ஷன் பெடல்களைத் தேர்ந்து அடுக்கும்போது, ஒவ்வொன்றும் எவ்வளவு கெயின், அதாவது நுழையும் மின்சைகையை எத்தனை மடங்கு பெருக்கும் ஆற்றல், கொண்டது என்பதே முதற்கேள்வியாக எழுகிறது. ஆனால் அலை வெட்டுப்படுவதற்கு முன் எந்த அதிர்வெண்கள் வடிகட்டப்படுகின்றன என்பதும், வெட்டுப்பட்ட அலை எந்த மட்டத்தில் அடுத்த பெடலுக்குள் நுழைகிறது என்பதுமே அடுக்கின் ஒலியைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

பெருக்கப்பட்ட சைகை சுற்றின் எல்லையை மீறும்போது அலையின் முகடுகள் மழுங்குவதே கிளிப்பிங் எனப்படும் வெட்டு; மூல அலையில் இல்லாத மேற்சுரங்கள் அதிலிருந்தே பிறக்கின்றன. ஐபனெஸ் டியூப் ஸ்கிரீமர் பெடலில் டயோடுகள் பெருக்கியின் பின்னூட்டப் பாதையில் அமைவதால் முகடுகள் மெல்ல வளைகின்றன. புரோகோ ரேட் பெடலில் பெருக்கியைத் தாண்டி வந்த சைகையை டயோடுகள் எர்த்துக்கு இறக்கிவிடுவதால் முகடுகள் சட்டெனத் தட்டையாகி, ஒலி முரட்டுத்தன்மை பெறுகிறது.

டியூப் ஸ்கிரீமர் ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகளை வெட்டும் கட்டத்தில் குறைவாகவே பெருக்குகிறது. அதன் பயன் கார்டு, அதாவது பல சுரங்களை ஒன்றாக, வாசிக்கையில் புலப்படும். இரு சுரங்கள் ஒன்றாக வெட்டுப்படும்போது அவற்றின் அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் புதிய ஒலிகளாகத் தோன்றுகின்றன. 3:2 விகிதமுள்ள பஞ்சமத்தில் அக்கழித்தல் ஆதாரசுரத்தின் கீழ் ஸ்தாயியில் விழுந்து கார்டுக்கு வலுவூட்டுகிறது. ஆனால் சம இடைவெளிச் சுருதிமுறையில் அந்தர காந்தாரம் தூய 5:4 விகிதத்திலிருந்து ஏறத்தாழ 14 சென்ட், அதாவது அரைச்சுரத்தின் நூற்றில் 14 பங்கு, விலகுவதால் அங்கே பிறக்கும் ஒலிகள் ஆதாரசுரத்தோடு மோதிக் கலங்குகின்றன. தடித்த தந்திகளின் வலுவான அலைகள் வெட்டை ஆக்கிரமிக்கும்போது இக்கலக்கம் மேலும் பெருகும்.

எனவே கெயினுக்கான டிரைவ் குமிழைக் குறைத்து, வெளியீட்டு மட்டத்துக்கான லெவல் குமிழை உயர்த்திய டியூப் ஸ்கிரீமரை ரேட்டுக்கோ ஏற்கெனவே டிஸ்டார்ட் ஆகும் ஆம்புக்கோ முன்னால் வைப்பது, கீழ் ஒலியைக் கட்டுக்குள் கொண்டுவந்து ஒவ்வொரு மீட்டலையும் தெளிவாக்குகிறது. மாறாக, இரு பெடல்களின் கெயினையும் முழுமையாகத் திருப்பினால், முதற்பெடலே முகடுகளைத் தட்டையாக்கிவிட்ட நிலையில் இரண்டாவது பெடல் இரைச்சலையே மிகுதியாக உயர்த்தி, மீட்டலின் வன்மை மென்மை வேறுபாட்டை அழிக்கிறது. நடு அதிர்வெண்களைக் குழிவாக்கும் பிக் மஃப் போன்ற பெடலுக்குப் பின்னால் டியூப் ஸ்கிரீமரை வைத்தால், குழுவின் ஒலியில் அமிழ்ந்துபோகும் கிதார் மீண்டும் மேலெழுகிறது.

1966இல் வெளிவந்த ஃபஸ் ஃபேஸ் பெடல் தனி விதியைக் கோருகிறது. அதன் உள்ளீட்டு மின்மறுப்பு, அதாவது சைகைக்கு அது காட்டும் எதிர்ப்பு, மிகக் குறைவாதலால் கிதாரின் பிக்கப்பும் வால்யூம் குமிழும் அச்சுற்றின் உறுப்புகளாகவே செயல்படுகின்றன. வால்யூமைக் குறைத்ததும் ஒலி தெளிவது இதனாலேயே. இடையில் பஃபர், அதாவது சைகையைக் குறைந்த மின்மறுப்பில் வெளியிடும் சுற்று, உள்ள பெடல் நுழைந்தால் இவ்வுறவு அறுந்து ஒலி கரடுமுரடாகிவிடுவதால், ஃபஸ் ஃபேஸ் கிதாரை ஒட்டியே இருத்தல் நலம்.

பெடல்களை ஒப்பிடுகையில் அதிக ஒலியளவே மேலான ஒலியாகத் தோன்றிவிடும் என்பதால், அளவைச் சமன்செய்து, பேஸ் கிதாரும் டிரம்ஸும் உடன் ஒலிக்கக் கேட்ட பின்னரே தேர்வு முடிவாக வேண்டும். புதிய பெடலை அடுக்கில் சேர்ப்பவர் அது எதைக் கூட்டுகிறது என்பதோடு, வெட்டுக்கு முன் எதைக் கழிக்கிறது என்பதையும் செவியால் உறுதிசெய்துகொள்வதே இக்கலையின் அடிப்படைப் பயிற்சி.