பன்னரகட்டா சஃபாரிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது பற்றி எங்கள் நிலைப்பாடு

ஓசூர் வட்டாரத்துப் பள்ளிகளில் சுற்றுலாப் பேச்சு எழுந்தால் முதலில் வரும் பெயர் பன்னரகட்டா. ஆனேக்கல், ஜிகணி வழியாகக் காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் பிள்ளைகளை வீட்டில் சேர்த்துவிடலாம். பெங்களூரு நெரிசலுக்குள் நுழையவே வேண்டாம். சென்னையிலிருந்து விடுமுறைக்கு வரும் குடும்பங்களும் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குகின்றன. பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து நடத்தும் எங்கள் குழுவிடம் 2025 நவம்பருக்குப் பிறகு பலரும் கேட்பது, இனிப் பிள்ளைகளை அங்கே அனுப்பலாமா என்பதைத்தான்.

அனுப்பலாம் என்பதே எங்கள் முடிவு. ஆனால் சிங்கம், புலி, சிறுத்தை, கரடி உலவும் பகுதிக்குள் ஜன்னல் திறக்கிற வண்டியில் எந்தப் பிள்ளையையும் ஏற்றக் கூடாது. ஆறு வயது நிரம்பாதவர்களை அந்தப் பகுதிக்கு எந்த வண்டியிலும் கூட்டிப்போக வேண்டாம். காட்டைப் பார்க்கப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லவும் கூடாது. கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எங்கள் கூட்டத்தில் அதிக நேரம் பேசப்பட்டது அதுதான்.

முதலில் நடந்தவை. அங்கே சிறுத்தை சஃபாரி 2024-இல் தொடங்கியது. ஏறத்தாழ 20 ஹெக்டேர் பரப்பைச் சுற்றி உயர்ந்த கம்பிவேலி கட்டி, சிறுத்தைகளை உள்ளே விட்டிருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் ஜீப்பில் போன பள்ளி வயதுச் சிறுவன் ஒருவனின் கையைச் சிறுத்தை பிறாண்டியது. நவம்பரில், சென்னையிலிருந்து போயிருந்த ஒரு பெண்மணி சஃபாரிப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது அவர் கையையும் சிறுத்தை காயப்படுத்தியது. அதன்பின் குளிர்சாதன வசதி இல்லாத பேருந்துச் சவாரி நிறுத்திவைக்கப்பட்டது. இரண்டு முறையும் உயிர் போகவில்லை என்பதால் பலர் இதை மறந்துவிட்டார்கள். பூங்கா திறந்திருக்கிறது, விடுமுறை வந்தால் கூட்டமும் வருகிறது.

சிறுத்தை பெரும்பாலும் வேட்டையாடுவது 10 கிலோவிலிருந்து 40 கிலோ வரை எடையுள்ள விலங்குகளை. முதல் வகுப்புப் பிள்ளையின் எடை 20 கிலோவுக்கு முன்பின் இருக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளை கூடப் பெரும்பாலும் 40-க்குள்தான். மரமேறிப் பழகிய சிறுத்தைக்குப் பேருந்து ஜன்னல் உயரமே இல்லை. வண்டிக்குள் வளர்ந்தவர் பத்துப் பேர் இருந்தாலும் அதன் கண் போவது குரல் உயர்த்திக் கையை ஆட்டுகிற சின்ன உருவத்தின் மேல்தான். கம்பிவலை போட்டிருக்கிறதே என்பார்கள். கேமரா நுழைகிற அளவுக்கு வலையில் இடைவெளி விட்டால் சிறுத்தையின் பாதமும் அதில் நுழையும். செல்போன் படத்துக்காக விடப்படும் அந்த இடைவெளியை முற்றாக அடைக்க வேண்டும், படம் தெளிவாக வராவிட்டால் போகட்டும். இதில் சமரசத்துக்கு எங்களிடம் இடமில்லை.

அடுத்து, காடு என்று சொல்லலாமா என்பது. பிள்ளைகள் பேருந்திலிருந்து பார்க்கும் சிங்கம் எங்கிருந்து வந்தது என்று எந்தப் பள்ளிச் சுற்றுலாவிலும் சொல்வதில்லை. சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை சர்க்கஸில் ஆட்டிவைக்கக் கூடாது என்று மத்திய அரசு 1998-இல் அறிவிக்கை வெளியிட்டது. சர்க்கஸ்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2001-இல் உச்ச நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. கூண்டிலேயே பிறந்து சாட்டைக்குப் பழகிய சிங்கங்களையும் புலிகளையும் காட்டில் விட முடியாது. அவற்றுக்கென அமைத்த மீட்பு மையங்களில் ஒன்று பன்னரகட்டாவில் இருக்கிறது. கரடிகளின் கதையும் இதே போலத்தான். மூக்கில் துளையிட்டுக் கயிறு கோத்துத் தெருத்தெருவாக ஆடவைக்கப்பட்ட கரடிகளை வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பு மீட்டது. நாட்டின் கடைசி ஆட்டக்கரடி என்று அறியப்பட்ட ராஜு 2009 டிசம்பரில் வந்து சேர்ந்த இடமும் பன்னரகட்டாதான். கரடிகளை ஆட்டிப் பிழைத்த கலந்தர் குடும்பங்களுக்கு மாற்றுத் தொழிலுக்கு உதவி கிடைத்த பிறகே அந்தப் பழக்கம் நின்றது என்பதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவையும் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். சொல்லிவிட்டுக் கூட்டிப்போனால் அந்தப் பிள்ளை கரடியின் மூக்கைக் கவனிக்கும். சொல்லாமல் போனால் “சார், அது ஏன் தூங்குது, எழுப்புங்க” என்று கத்தும். விலங்குக் காட்சியகத்தில் விலங்கைச் சீண்டுவதும், சத்தமிட்டுத் தொந்தரவு செய்வதும், தின்பண்டம் போடுவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் 1972-லிருந்து இருக்கிறது. ஆனாலும் எழுப்பச் சொல்லிக் கத்துவது பெரும்பாலும் பிள்ளைகள் அல்ல, கூட வந்த பெரியவர்கள்.

ஜன்னல் பற்றிய எச்சரிக்கையும் காடு என்று சொல்லக் கூடாது என்பதும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. நாள்தோறும் மனிதர் கையால் இறைச்சி வாங்கி, நாள்தோறும் வண்டிகளைப் பார்த்து வளரும் விலங்குக்கு மனிதனிடம் அச்சம் போய்விடுகிறது. காட்டுச் சிறுத்தை நம்மைக் கண்டால் பெரும்பாலும் ஒதுங்கிவிடும், சஃபாரிச் சிறுத்தை கிட்டே வரும். கிட்டே வருவதைப் பார்த்து நாம் கைதட்டுகிறோம்.

உண்மையான காடு அந்த வேலிக்கு வெளியே இருக்கிறது. 260 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பன்னரகட்டா தேசியப் பூங்காவுக்கும் நம் பக்கத்துத் தளி, ஜவளகிரி காடுகளுக்கும் இடையே யானைக்கு மாநில எல்லை கிடையாது. ராகி முற்றும் பருவத்தில் ஆண்டுதோறும் யானைக் கூட்டங்கள் அங்கிருந்து இறங்கி சானமாவு வரை வருகின்றன. தளிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யானை என்றால் இரவில் பட்டாசுச் சத்தம், காலையில் மிதிபட்ட ராகி. அவர்களைப் பேருந்தில் ஏற்றிக் காடு காட்டுகிறோம் என்று அழைத்துப்போவது எங்களுக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது. 2022-இல் தமிழ்நாடு அரசு காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்தை அறிவித்ததால் இந்தக் காட்டுத் தொடருக்கு நம் பக்கம் ஒரு காப்பு கிடைத்தது. அந்தப் பக்கமோ, தேசியப் பூங்காவைச் சுற்றிய சூழல் உணர்திறன் மண்டலம் முதலில் முன்மொழியப்பட்ட சுமார் 269 சதுர கிலோமீட்டரிலிருந்து 2020-இல் 169-க்குக் குறைந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்புக்கு மேலே உள்ள பிள்ளைகளிடம் பேச இதைவிட நல்ல பாடம் வேண்டுமா?

எங்கள் குழுவுக்குள்ளும் ஒரே கருத்து இல்லை. சவாரியே வேண்டாம், அடைபட்ட விலங்கைக் காசு கொடுத்துப் பார்ப்பது பிள்ளைகளைக் கெடுக்கும் என்று சிலர் சொன்னார்கள். அந்தக் கவலை எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் அதை ஏற்கவில்லை. சர்க்கஸிலிருந்து வந்த விலங்குக்குத் திரும்பிப் போக இடம் கிடையாது, யாராவது தீனி போட்டுத்தான் ஆக வேண்டும். பூங்காவின் வருவாயில் பெரும்பகுதி நுழைவுக் கட்டணம். கொரோனா முடக்கத்தில் அது நின்றபோது விலங்குகளைத் தத்தெடுத்துச் செலவை ஏற்கும்படி மக்களைக் கேட்டார்கள். எதிர்ப்பக்கத்தில், ஆறு வயது வரம்பு மிகை, நாங்கள் எல்லாம் அம்மா மடியில் உட்கார்ந்து பார்த்தவர்கள்தானே என்றும் பேச்சு வந்தது. மூன்று வயதுக் குழந்தைக்கு மானும் வரிக்குதிரையும் பட்டாம்பூச்சிப் பூங்காவும் போதும். புலி இன்னும் மூன்று ஆண்டு காத்திருக்கும்.

பூங்கா நிர்வாகத்திடம் எங்கள் கோரிக்கைகள் சில உண்டு. ஊனுண்ணிகள் பகுதியில் கண்ணாடி மூடிய வண்டிகள் மட்டுமே ஓட வேண்டும். விலங்கு வண்டியை நெருங்கினால் நிற்காமல் நகர வேண்டும் என்பது ஓட்டுநருக்கு எழுத்து மூலமான விதியாக வேண்டும், அதை மீறச் சொல்லி யார் கேட்டாலும் மறுக்க அவருக்கு அதிகாரம் வேண்டும். ஒவ்வொரு விலங்கின் வரலாறும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருப்பதோடு தமிழிலும் எழுதப்பட வேண்டும். இவ்வளவு தமிழ்ப் பிள்ளைகள் வரும் இடத்தில் அது அதிகப்படியான கோரிக்கை இல்லை.

ஆசிரியர்களுக்கு: சனி, ஞாயிறு கூட்டத்தில் போகாதீர்கள், செவ்வாய் பூங்காவுக்கு விடுமுறை. ஓட்டுநரிடம் இன்னும் கிட்டே ஓட்டச் சொல்லாதீர்கள், அதற்காகக் கையில் பணமும் வைக்காதீர்கள். பெற்றோருக்கு: சுற்றுலாவுக்கு ஒப்புதல் கேட்டுப் பள்ளியிலிருந்து தாள் வந்தால், பணம் எவ்வளவு என்று பார்ப்பதற்கு முன் எந்த வண்டி, ஜன்னல் மூடியதா என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வராத வரை கையெழுத்துப் போடாதீர்கள்.